மன்றத்துக்கு வெளியே கட்டப்படும் நகரம்: சென்னையில் கட்டிட அனுமதியும் மக்கள் சேவையும்

1. கேள்வி

சென்னை மாநகராட்சியின் மாமன்றத்தில் 200 வார்டுகளின் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ரிப்பன் கட்டிடத்தில் கூடும் அந்த மன்றம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், சமுதாய நலக்கூடத்துக்குப் பழுதுபார்ப்பு, மழைநீர் வடிகாலுக்கு ஒப்பந்தம், பூங்காவுக்குப் பராமரிப்பு என்று தீர்மானங்களை நிறைவேற்றுகிறது. அதே நாட்களில் அந்த வார்டுகளில் பழைய வீடுகள் இடிபடுகின்றன. இரண்டு குடும்பங்கள் குடியிருந்த மனையில் எட்டோ பத்தோ குடும்பங்களுக்கான அடுக்ககம் எழுகிறது. கழிவுநீர்க் குழாயின் சுமை, சேரும் குப்பை, தெருவில் நிற்கும் வண்டிகள், அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகள் ஆகிய எல்லாவற்றையும் மாற்றுவது இந்த இரண்டாவது வகை முடிவு. அந்த முடிவு எடுக்கப்படும் இடத்தில் மாமன்றம் இல்லை.

சேவையைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அனுமதியை அதிகாரிகளும் தீர்மானிக்கும் இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இது நகரத்துக்கு நன்மை செய்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் புழக்கத்தில் உள்ளன. கட்டிட அனுமதி என்பது விதியையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, அதில் அரசியல்வாதி தலையிடாமல் இருப்பதே நல்லது என்பது ஒன்று. கட்டுமானத் துறையினர் மட்டுமல்ல, நேர்மையான அதிகாரிகள் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். மற்றொன்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்தைச் சுட்டிப் பேசுவது. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டிடங்களையும் ஒழுங்குபடுத்துதல். முதல் இரண்டு பொருள்களையே மாநில அரசு தன் பிடியில் வைத்துக்கொண்டது என்பது இவர்களின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அதிகாரம் கைமாறிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. முதல் கருத்தோ, அனுமதியை வெறும் கணக்காகக் காண்பதால், அது தெருவில் என்னவாக விளைகிறது என்பதைத் தவறவிடுகிறது. வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

2. ஓரணாத் தீர்மானம்

1688இல் தொடங்கப்பட்ட மாநகராட்சியின் நீண்ட வரலாற்றில் ஒரு மன்றத் தீர்மானத்தை மட்டும் எடுத்துக்காட்டச் சொன்னால், 1920 செப்டம்பரில் நிறைவேறியதைத்தான் நான் சொல்வேன். அப்போது மன்றத்தின் தலைவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்குவது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது தீர்மானம். பசியோடு வரும் பிள்ளை பள்ளியில் நிற்பதில்லை என்று கண்டறிந்து, ஓர் இடத்தைக் குறித்து, செலவுக்கு வரம்பு கட்டி, மன்றம் தன் பொறுப்பில் எடுத்த முடிவு அது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய ஆங்கிலேய அரசு இசையாததால் 1925இல் நின்றது. காமராசர் காலத்து மதிய உணவுக்கும், எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் முன்னோடி அந்த ஓரணாத் தீர்மானம்.

அன்றைய மன்றத்தை இலட்சிய மன்றமாக்க வேண்டியதில்லை. வரி செலுத்துவோருக்கு மட்டுமே வாக்கு இருந்த காலம் அது. ஆயினும் ஒரு செய்தி நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அந்த மன்றம் இயங்கிய 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் கட்டிட அனுமதியை மன்றத்திலிருந்து முழுவதும் துண்டித்துவிடவில்லை. அனுமதி வழங்குபவர் ஆணையர். அவர் முடிவு சொல்லாமல் காலம் கடத்தினால், விண்ணப்பதாரர் நிலைக்குழுவிடம் போகலாம். குழு தீர்மானிக்க வேண்டும். மாவட்ட நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே இடம் மன்றத்துக்கு இருந்தது. கேரளத்தின் நகராட்சிக் கட்டிட விதிகளிலும் இந்த மரபைக் காணலாம்: செயலாளர் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பதாரர் மன்றத்திடம் முறையிடலாம்.

அதிகாரி முடிவெடுப்பார், அவர் எடுக்காவிட்டால் மன்றம் கேட்கும் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு நிதானம் இருக்கிறது. மன்றத்தை அனுமதி தருகிற இடமாக்காமல், அனுமதி தருகிறவரைக் கேட்கிற இடமாக்கியது அது. பின்னால் நாம் இழந்தது இந்த உறவைத்தான்.

3. மன்றம் இல்லாத ஆண்டுகள்

1973இல், தினக்கூலி வருகைப் பட்டியல் ஊழலைத் தொடர்ந்து மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இடையில் 23 ஆண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. 1973இல் பிறந்த சென்னைக் குழந்தை வாக்களிக்கும் வயதை எட்டி ஐந்தாண்டு கழித்துத்தான் தன் ஊரின் மாமன்றத்தைக் கண்டது.

இந்த இடைவெளியில் என்னென்ன நடந்தன என்று வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மக்கள் வாயில் சி.எம்.டி.ஏ., 1974இல் சட்ட அமைப்பானது. முதல் பெருந்திட்டம் 1975இல் வந்தது. எந்தத் தெரு குடியிருப்பு, எது வணிகம், எது தொழில் என்று நகரத்தின் நிலத்தை முதன்முதலாகப் பகுத்த ஆவணம் அது. 1978இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து பிரிந்து குடிநீர் வாரியத்துக்குப் போயின. ஒரு வீடு எங்கே எழலாம் என்ற முடிவும், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்ற முடிவும் மாநகராட்சியை விட்டு வெளியேறின. அப்போது, "எங்கள் வார்டில் என்ன ஆகும்?" என்று எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை.

வேண்டுமென்றே மன்றத்தை முடக்கிவைத்துக்கொண்டு அரசு இவற்றைச் செய்தது என்று கொள்ள முடியாது. அந்தப் பத்தாண்டில் நாடு முழுவதும் இதே போக்கு. கல்கத்தாவில் 1970இல், ஹைதராபாத்தில் 1975இல், பெங்களூரில் 1976இல் இத்தகைய வளர்ச்சிக் குழுமங்கள் தோன்றின. பெருநகரைத் திட்டமிட நிபுணர் அமைப்பு வேண்டும் என்ற நம்பிக்கையும், உலக வங்கிக் கடனுக்கேற்ற நிர்வாக ஏற்பாடுகளும் சேர்ந்து உருவாக்கிய அலை அது. மன்றம் இருந்திருந்தாலும் குழுமம் வந்திருக்கும். ஆனால் மறுத்துப் பேசியிருப்பார்கள், பேரம் நடந்திருக்கும், குழுமத்தின் கோப்பு வார்டுக்கு வந்துபோக ஏதேனும் ஒரு வழி சட்டத்திலேயே பதிவாகியிருக்கும். சென்னையில் அப்படி எதுவும் நடக்க வாய்ப்பே இருக்கவில்லை.

வரலாறு இன்னொரு முறையும் திரும்பியது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மன்றம் 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகே அமைந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், 2019 பிப்ரவரியில், மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தன. மனைப் பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த அனுமதிக்கத்தக்க கட்டுமானப் பரப்பு இரண்டு மடங்கானது. 2020இல் ஏழு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒன்று தெருவின் சுமையைக் கூட்டியது, மற்றது அந்தச் சுமையை அள்ளுகிற கைகளை மாற்றியது. இரண்டும் மாமன்றம் இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்.

4. அனுமதி தெருவுக்கு வந்த பிறகு

இன்றைய நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உயரமான, பெரிய கட்டிடங்கள் சி.எம்.டி.ஏ.விடம் போகின்றன. 10,000 சதுர அடி, எட்டு குடியிருப்புகள் வரையிலானவற்றுக்கு மாநகராட்சியே ஒப்புதல் தருகிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். சாதாரண மனிதர் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்ததை நினைத்தால் இதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் மாநகராட்சியின் பெயரில் வெளியாகும் ஒப்புதலும் ஆணையரின் அதிகாரத்தில் வழங்கப்படுவதே. மன்றத்தில் நகரமைப்புக்கென்று ஒரு நிலைக்குழு உண்டு. வார்டில் நாளை எழப்போகும் கட்டிடங்களை முன்கூட்டி ஆராயும் இடமாக அது இயங்கவில்லை.

ஒரு நடுத்தர அடுக்ககத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தரைத்தளம் முழுக்கத் தூண்கள். நடுவில் கார் நிற்கும் கட்டங்கள் எண் போட்டு வரையப்பட்டிருக்கும். நான்கு பக்கமும் விட வேண்டிய காலியிடம் மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மூலையில் மழைநீர் சேகரிப்புக் குழி, மறுமூலையில் கழிவுநீர்த் தொட்டி. பிளான் பாஸாகிவிடும். வீடுகள் விற்று, கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு போன பிறகு, தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழும். ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, இன்னொரு பக்கம் டியூஷன் சென்டர். பக்கத்துக் காலியிடத்தில் தகரக் கூரை போட்டு ஜெனரேட்டர். கார்கள் தெருவுக்கு வந்துவிடும். இருபதடித் தெருவில் இரண்டு பக்கமும் வண்டி நின்றால் குப்பை லாரி உள்ளே நுழைய முடியாது. அப்போதுதான் வார்டு உறுப்பினருக்குத் தொலைபேசி வருகிறது: மூன்று நாளாகக் குப்பை எடுக்கவில்லை.

மாமன்றத்தில் அது துப்புரவுக் கேள்வியாகப் பேசப்படுகிறது. அதிகாரி லாரிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பதிலளிக்கிறார். அந்தத் தெருவின் அனுமதி வரைபடத்தில் கார் நிறுத்தம் எங்கே காட்டப்பட்டிருந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அந்தத் தாள் உறுப்பினரின் கையில் இல்லை. அனுமதியின் குறை சேவையின் குறையாக உருமாறி மன்றத்துக்கு வந்துசேர்கிறது. விளைவைப் பற்றி மட்டும் பேசவே மன்றத்துக்கு இடமிருக்கிறது.

விதியை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையாகவே அனுமதி நடந்துவந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. நீதிமன்றப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எந்தக் கட்டிடத்துக்கும் விதிவிலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படி வழங்கப்பட்ட 62 விதிவிலக்கு ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது; பிரிவு செல்லும், அதைப் பயன்படுத்திய முறை செல்லாது என்றது. 1998இல் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டு, விதிமீறிய கட்டிடங்கள் பணம் கட்டி வரன்முறை பெற வழி திறந்தது. ஒருமுறை மட்டும் என்று சொல்லப்பட்ட சலுகையின் கெடு அடுத்தடுத்து நீட்டிக்கப்பட, 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012இல், விதிமீறிய கட்டிடங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் 113-இ பிரிவு வந்தது.

அனுமதியில் நேரும் குறையின் விலை தாளோடு நிற்பதில்லை. 2017 மே 31 அன்று தியாகராய நகரின் பெரிய துணிக்கடைக் கட்டிடம் ஒன்று தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் நெருங்கவே திணறின. கடைசியில் அந்தக் கட்டிடத்தை இடிக்க நேர்ந்தது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த கட்டிடத் தொழிலாளர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டிடம். நிபுணர்களிடம் விட்டுவிட்டால் பாதுகாப்பு என்ற வாதத்தை அந்த 61 உயிர்களுக்குப் பிறகும் அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது.

5. தானமாக வந்த நிலம்

அனுமதியும் சேவையும் ஒரே இடத்தில் சந்திப்பது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தில். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துவோர், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கோ விளையாட்டிடத்துக்கோ தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். வீட்டு நெரிசலில் மூச்சுவிட ஓர் இடம் என்ற மிக நல்ல எண்ணத்தில் உருவான விதி. தங்கள் சொத்துரிமையைப் பறிப்பதாகச் சென்னை அடுக்கக உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் வென்றுவிட்டது. நிலம் என்ன ஆயிற்று? பல இடங்களில் அது அடுக்ககத்தின் பின்கோடியில், நுழைவாயிலையும் காவலாளியையும் தாண்டித்தான் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. உள்ளே ஊஞ்சலும் நடைபாதையும் புல்தரையும் அழகாக உண்டு, எதிர்த் தெருக் குடிசைப் பிள்ளை வந்தால், "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி தடுக்கும். வேறு சில இடங்களில் கம்பி வேலிக்குள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பத்திரப்படி இரண்டும் மாநகராட்சியின் சொத்து. அந்த வார்டின் உறுப்பினர் நூலகத்துக்கோ அங்கன்வாடிக்கோ இடமில்லை என்று மன்றத்தில் மன்றாடிக்கொண்டிருப்பார். 2025-26 நிதிநிலை அறிக்கையில் வார்டு மேம்பாட்டு நிதி 60 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு தியாகராய நகரிலோ அண்ணா நகரிலோ ஒரு கிரவுண்டு நிலம்கூட வாங்க முடியாது. வாங்கவும் தேவையில்லை, அனுமதிக்கு ஈடாக நிலம் ஏற்கெனவே வந்திருக்கிறது. எந்தப் பத்திரத்தின் வழியே, எத்தனை சென்ட், எந்த நான்கெல்லைக்குள் என்ற விவரம்தான் உறுப்பினருக்கும் தெருவாசிகளுக்கும் எட்டவில்லை.

இந்தப் பட்டியலை வார்டுவாரியாக மன்றத்தின் முன் வைப்பதால் எவருடைய அதிகாரமும் குறையப்போவதில்லை. இருந்தும் அது வழக்கமாகவில்லை என்பதை நான் இந்த ஏற்பாட்டின் ஆகப்பெரிய குறையாகக் கருதுகிறேன்.

6. கவுன்சிலர் கையில் அனுமதியா?

மன்றத்துக்கு அதிகாரம் கொடுங்கள் என்று சொல்லும் எவரும் ஓர் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீடு கட்டிய எவரையும் கேளுங்கள். மணலும் ஜல்லியும் தெருவில் இறங்கிய மறுநாள், "வார்டுல பார்த்துட்டு வேலையை ஆரம்பிங்க சார்" என்று யாரோ ஒருவர் வந்து நிற்பதைச் சொல்வார்கள். சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லாதபோதே இந்த வசூல் நடக்கிறதென்றால், அனுமதியைக் கையில் கொடுத்தால் என்னாகும் என்ற அச்சம் நியாயமானது. நேர்மையான உறுப்பினர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்.

ஆனால் இந்த வசூல் எதைக் கொண்டு நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் என்ன இருக்கிறது, எது மீறல் என்பது கட்டுபவருக்கும் ஓரிரு அலுவலர்களுக்கும் மட்டும் தெரியும்போது, அதை வெளியே சொல்லாமலிருக்க ஒரு விலை கிடைக்கிறது. தெரு முழுக்கத் தெரிந்த மீறலை மறைப்பதற்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சிகளில் சிறிய விண்ணப்பங்களை அதிகாரிகளே முடிக்கிறார்கள். பெரியவையும் சர்ச்சைக்குரியவையும் உறுப்பினர்கள் அடங்கிய குழுவின் திறந்த கூட்டத்தில், அக்கம்பக்கத்தார் பேசக் கேட்ட பின் வாக்கெடுப்புக்கு வருகின்றன. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் மன்றங்களின் கட்சிக் கட்டுப்பாட்டில் அது சடங்காகிவிடலாம். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முடிவுக்கான காரணம் பொதுவில் சொல்லப்படுகிறது என்ற ஒன்றைத்தான். அனுமதி வழங்கும் கை அதிகாரியுடையதாகவே இருக்கட்டும். அந்தக் கை எழுதியதைப் பார்க்கும் உரிமை மன்றத்துக்கும் தெருவுக்கும் வேண்டும்.

7. மன்றம் இருந்தும்

மன்றம் இருந்தாலே போதும் என்ற எண்ணத்தை 2025 தகர்த்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்து, ஆறாம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு மாற்றும் முடிவு இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திலேயே தீர்மானமானது. ஆகஸ்ட் 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டிடத்தின் வாசலில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், கொரோனா காலத்தில் வீட்டுவாசல்தோறும் வந்துபோனவர்கள். பல ஆண்டுகள் உழைத்த தங்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும், ஒப்பந்தத்துக்கு மாறினால் கைக்கு வரும் கூலி குறையும் என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது.

தீர்மானத்தின் சரி தவறு தனியாகப் பேச வேண்டியது. இங்கே கேட்க வேண்டியது, அந்தத் தெருக்களைக் கூட்டும் பெண்களும் அங்கே குடியிருப்பவர்களும் அது நிறைவேறும் முன் எங்கே பேசியிருக்க முடியும் என்பது. அதற்கான இடம் சட்டத்தில் இருக்கிறது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரங்களில் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராம சபைக்கு இணையான ஒன்று நகரத்துக்கும் கிடைத்ததை நான் உள்ளபடியே வரவேற்கிறேன். ஆனால் அங்கே தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அளவுக்குக் கட்டிட அனுமதியோ ஒப்பந்த மாற்றமோ பேசுபொருளாவதில்லை. பேசுவதற்கான தாள் மேசையில் வைக்கப்படாதவரை மக்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் பேசுவார்கள்.

8. செய்யக்கூடியது

புதிய சட்டம் எதுவும் தேவைப்படாத மூன்று செயல்களைக் கேட்கிறேன். வார்டில் அந்தக் காலாண்டில் அனுமதி பெற்ற கட்டிடங்களின் பட்டியல், தளங்களின் எண்ணிக்கை, குடியிருப்புகள், கார் நிறுத்தம், விட வேண்டிய காலியிடம் ஆகியவற்றுடன் பகுதி சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். சுயசான்றில் வந்தவையும் இதில் அடங்க வேண்டும், ஏனெனில் அங்கே அண்டை வீட்டாரின் கண் மட்டுமே ஆய்வாளர். தானப் பத்திரத்தில் வந்த நிலம் ஒவ்வொன்றும் நான்கெல்லையுடன் மாமன்றத்தின் நகரமைப்புக் குழு முன் வைக்கப்பட்டு, வாசலில் "மாநகராட்சி நிலம், அனைவரும் வரலாம்" என்ற பலகை நடப்பட வேண்டும். அனுமதி தாமதமானால் குழு விளக்கம் கேட்கும் பழைய மரபு திரும்ப வேண்டும்.

இவற்றுக்கு இதுவே தருணம். 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டம் தயாராகிவருகிறது. முதல் பெருந்திட்டம் வந்தபோது சென்னைக்கு மாமன்றம் இல்லை. 2008இல் இரண்டாவது வந்தபோது மன்றம் இருந்தது, அதன் குரல் கேட்கவில்லை. மூன்றாவதன் வரைவு வார்டு குழுக்களின் மேசைக்கு வந்து, ஒவ்வொரு வார்டின் கருத்தும் எழுத்தில் பதிவான பிறகே இறுதியாக வேண்டும்.

உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை கூடும்போது சென்று அமருங்கள். உங்கள் பகுதியில் மாநகராட்சிக்குத் தானமாக வந்த நிலம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.